லாகோஸின் தீராத வழக்கு

நைஜீரிய ராப் ரசிகர்கள் இருவர் கூடினால் பேச்சு சூடேற இரண்டு ஆல்பங்களின் பெயர் போதும். ஒன்று, 2008 டிசம்பரில் வந்த எம்.ஐ. அபாகாவின் 'டாக் அபவுட் இட்'. மற்றது, அடுத்த ஆண்டு வந்த டாகிரினின் 'சி.இ.ஓ.'. முதலாவது பெரும்பாலும் ஆங்கிலம். இரண்டாவது பெரும்பாலும் யொரூபா. எம்.ஐ., ஜோஸ் நகரத்துப் பாதிரியார் ஒருவரின் மகன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள கல்லூரி ஒன்றில் படித்துத் திரும்பியவர். டாகிரின், லாகோஸின் தெருவோடு தெருவாக வளர்ந்தவர். இரண்டில் எது பெரிது என்று யாராவது கேட்டுவிட்டால் அந்த மாலைப்பொழுது அதிலேயே போகும்.

கேள்வி இரண்டு ஆல்பங்களோடு நிற்பதில்லை. ராப் எந்த மொழியில் இருக்க வேண்டும்? சொல்லடுக்கில் வல்லவன் பெரியவனா, தெருவையே கூடப் பாட வைப்பவன் பெரியவனா? விற்றது நல்லதா, விற்காதது நல்லதா? நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நைஜீரியாவில் இந்த வழக்கு நடக்கிறது. ரசிகர்களின் இந்தச் சண்டைதான் அந்த நாட்டு ராப்பைச் செதுக்கியது. முக்கியமான ஆல்பம் எதை எடுத்தாலும், அதற்கு முன் நடந்த ஏதோ ஒரு வாக்குவாதத்துக்கு அது பதிலாக இருக்கும்.

தொடக்கம் அடக்கமானது. அமெரிக்காவில் 'ராப்பர்ஸ் டிலைட்' வெளியானது 1979-ல். இரண்டே ஆண்டுகளில், 1981-ல், ரான் எக்குண்டாயோ என்ற டிஸ்க் ஜாக்கி 'தி வே ஐ ஃபீல்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். நைஜீரியாவின் முதல் ராப் பதிவு என்று பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். அன்றைய லாகோஸில் எண்ணெய்ப் பணம் புரண்டது. டிஸ்கோ விடுதிகள் நிறைந்திருந்தன. அந்தத் தட்டும் நடன விடுதிக்கான தட்டுதான். பாடியவர் நைஜீரியர், தொனி நியூயார்க்.

பிறகு எண்ணெய் விலை விழுந்தது. 1986-ல் ராணுவ அரசு கட்டமைப்புச் சீரமைப்புத் திட்டத்தை ஏற்றது, நாட்டு நாணயமான நைரா சரிந்தது. பன்னாட்டு இசைத்தட்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டின. இசைத்தட்டு போய் கேசட் வந்தது. ராப் பாட விரும்பிய இளைஞனுக்குக் கருவியிசைக் குழுவை அமர்த்தப் பணமில்லை, தயாரிப்பாளரும் இல்லை. அமெரிக்கப் பாட்டின் தாளத்தை எடுத்து அதன் மேல் பேசுவதுதான் அவன் கைக்கு எட்டிய வழி. அப்போதே குற்றச்சாட்டும் எழுந்தது: இவர்கள் மூக்கால் பேசும் போலி அமெரிக்கர்கள்.

அதற்கு முதல் நல்ல பதில் 1990-களின் தொடக்கத்தில் ஜூனியர் அண்ட் பிரிட்டி என்ற இருவர் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் பாடியது பிட்ஜினில். கடற்கரை வணிகத்தில் ஆங்கிலமும் உள்ளூர் மொழிகளும் உரசிப் பிறந்த பேச்சு அது. யொரூபாக்காரரும் இக்போக்காரரும் வாரி நகரத்து எண்ணெய்த் தொழிலாளியும் சந்தையில் ஒருவரோடொருவர் பேசுவது அதில்தான். பள்ளியில் அதைப் பேசினால் ஆசிரியர் அதட்டுவார். 'ஃபூஃபூ ஃப்ளேவர்' என்று ஆல்பத்துக்குப் பெயர் வைத்து, ஊரின் காதலையும் ஏமாற்றையும் வேடிக்கைக் கதையாக அந்தப் பேச்சிலேயே சொன்னார்கள். ராப்பில் நைஜீரியர்கள் தங்கள் குரலையே முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான் என்று சொன்னால் மிகையாகாது. இன்று இவர்கள் பெயர் பட்டியல்களில் ஏறுவதே அரிது. அது பெரிய குறை.

1992-ல் ராணுவ அரசு ஒலிபரப்பைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து லாகோஸில் ரேபவர் 100.5 எஃப்.எம். ஒலிக்கத் தொடங்கியது, நாட்டின் முதல் தனியார் வானொலி அது. அமெரிக்காவிலிருந்து திரும்பிய கென்னி ஒகுங்பேயும் டாயோ அடெனேயேயும் அங்கே உள்ளூர்ப் பாட்டுகளை ஒலிபரப்பி நட்சத்திரங்களை உருவாக்கினார்கள். பிறகு கென்னிஸ் மியூசிக் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார்கள். பாட்டை ஒலிபரப்புகிறவரே பாடகரின் முதலாளியாகவும் ஆனார். தங்கள் ஆட்களின் பாட்டுகளைத்தான் அவர்கள் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று மற்ற ராப்பர்கள் முணுமுணுத்தது இயல்பே.

ஆனால் அந்த வானொலி இல்லாமல் 'சகோமோ' இல்லை. எட்ரிஸ் அப்துல்கரீம், டோனி டெட்டுயிலா, எடி மொன்டானா ஆகிய மூவர் சேர்ந்த ரெமடீஸ் குழுவின் அந்தப் பாட்டு 1990-களின் கடைசியில் கொண்டாட்டம் தோறும் ஒலித்தது. தாளம் அமெரிக்கப் பாட்டொன்றிலிருந்து எடுத்தது. வாய்ப்பேச்சு யொரூபாவும் பிட்ஜினும் ஆங்கிலமும் கலந்த கதம்பம். அதே காலத்தில் எல்டீயும் அவர் தோழர்களும் சேர்ந்த டிரைப்ஸ்மென் குழு இன்னும் செதுக்கிய ராப்பைத் தந்தது. ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்ததும் இங்கேதான். ஆட வைக்கும் பாட்டு ஒரு பக்கம், அடுக்கிய சொல் மறுபக்கம்.

அந்தப் பிளவுக்குப் பாட்டிலேயே உருவம் கொடுத்தவர் ரக்கட்மேன். 2000-களின் தொடக்கத்தில் வந்த 'எஹென்' என்ற பாட்டில் அன்றைய பெரிய நட்சத்திரங்களைப் பெயர் சொல்லியே தாக்கினார். எட்ரிஸும் அதில் அடிபட்டார். அரைவேக்காட்டுப் பாட்டை விற்றுப் பிழைக்கிறார்கள் என்பது புகார். ஆல்பத்தை விமர்சிப்பது அதுவரை பத்திரிகைக்காரரும் நண்பர் குழாமும் செய்த வேலை. ரக்கட்மேன் அதை ராப்பரின் கடமையாக்கினார். இப்படிப் பெயர் சொல்லித் தாக்குவது நாகரிகமா என்று ஒரு கூட்டம் கேட்டது. யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும் என்றது இன்னொரு கூட்டம்.

எட்ரிஸை அத்தோடு ஒதுக்கிவிட முடியாது. மாணவிகளை வேட்டையாடும் விரிவுரையாளர்களைப் பற்றி 2002-லேயே 'மிஸ்டர் லெக்சரர்' பாடியவர் அவர். 2004-ல் வந்த 'ஜாகா ஜாகா' நாடே சீர்குலைந்து கிடக்கிறது என்று நேராகச் சொன்னது. அதிபர் ஒபசான்ஜோ வெளிப்படையாகவே சீறினார். பாட்டு வானொலியிலிருந்து விலக்கப்பட்டது. விளைவாக அது பேருந்துகளிலும் கடைகளிலும் இன்னும் அதிகமாக ஒலித்தது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்க ராப்பர் ஃபிப்டி சென்ட் நைஜீரியா வந்தபோது, லாகோஸ் விமான நிலையத்தில் விமான இருக்கையை வைத்து அவர் ஆட்களுக்கும் எட்ரிஸுக்கும் கைகலப்பு ஆனது. வந்தவர் சுற்றுப்பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பினார். மானத்தைக் காத்தான் என்று பாதி ஊர் மெச்சியது. மானத்தை வாங்கினான் என்று மீதி ஊர் திட்டியது. வந்தவருக்குத் தனி மரியாதை, உள்ளூர்க் கலைஞனுக்கு ஒப்புக்கு இடம் என்ற குமுறல் அதற்குப் பின்னால் இருந்தது. அந்தக் குமுறல் நியாயமானது.

இந்தச் சண்டைகளையெல்லாம் நாடு முழுக்கக் கொண்டு சேர்த்தது அலாபா சந்தை. லாகோஸின் மேற்கே ஓஜோ பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டியும் குளிர்பதனப் பெட்டியும் விற்கும் மாபெரும் சந்தை அது. இசையை விநியோகித்ததும் அதே சந்தைதான், திருட்டுப் பிரதி அடித்ததும் அதே சந்தைதான். மார்க்கெட்டர் என்று அழைக்கப்படும் வியாபாரி பாடகரிடம் ஒரு தொகையைக் கொடுத்து ஆல்பத்தை வாங்கிவிடுவார். எத்தனை பிரதி விற்றது என்பது அவருக்கும் அவருடைய அச்சகத்துக்கும்தான் தெரியும். சில நாளில் பல பாடகர்களின் வெற்றிப் பாட்டுகளை ஒரே குறுந்தகட்டில் திரட்டிய கலவை வெளிவரும். போக்குவரத்து நெரிசலில் நிற்கும் வண்டிகளுக்கு இடையே பையன்கள் ஓடி ஓடி அதை விற்பார்கள், கடலைப் பொட்டலத்தோடும் குளிர்ந்த தண்ணீர்ப் பையோடும்.

ஆகவே எந்த ஆல்பம் வென்றது என்பதற்கு நம்பத்தக்க கணக்கே இல்லாமல் போனது. அமெரிக்க ரசிகன் விற்பனைப் பட்டியலைக் காட்டி வாதாடலாம். லாகோஸ் ரசிகனுக்கு அது வாய்க்கவில்லை. எந்தப் பாட்டு டான்ஃபோ என்ற சிற்றுந்தில் ஒலிக்கிறது, மேடையில் பாடகர் வாயை மூடினால் எந்த வரியைக் கூட்டம் முடித்து வைக்கிறது, இவைதான் அவனுக்குச் சாட்சியம். கணக்கு இல்லாத இடத்தில் வாதம் வளர்ந்தது. நைஜீரிய ராப் ரசிகர்களின் வாய்த்திறமைக்கு அலாபா ஒரு முக்கியக் காரணம்.

இந்தச் சூழலில்தான் எம்.ஐ. வந்தார். ஜோஸ், நாட்டின் நடுவே குளிர்ந்த பீடபூமியில் உள்ள ஊர். வெள்ளீயச் சுரங்கங்களால் வளர்ந்தது. சுரங்க வேலைக்கு எல்லா இனத்தாரும் வந்து குடியேறினார்கள். மிஷனரிப் பள்ளிகள் பெருகின. அப்படிப்பட்ட ஊரில் இளைஞர்களைச் சேர்த்த மொழிகளில் ஆங்கிலமும் ஒன்று. பாடகர் டூஃபேஸ் அங்கே பிறந்தவர். பி-ஸ்கொயர் என்ற பாடகச் சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். எம்.ஐ.யின் தம்பி ஜெஸ்ஸி ஜாக்ஸும் நண்பர் ஐஸ் பிரின்ஸும் அந்த ஊர்க்காரர்களே. வழக்கறிஞர் ஆடு மைகோரி தன் கூட்டாளிகளோடு அபுஜாவில் 2005-ல் தொடங்கிய சாக்லேட் சிட்டி நிறுவனம் இவர்களை எடுத்துக்கொண்டது.

'டாக் அபவுட் இட்' செய்த காரியம் நுட்பமானது. சொல்லடுக்கு ராப் விற்காது என்பது அன்றைய பொதுத் தீர்ப்பு. மோட் நைன் போன்ற மேதையைச் சுட்டி ரசிகர்களே இதைச் சொன்னார்கள்: விருது வாங்குகிறார், ஆனால் தெருவில் ஒலிக்கவில்லையே! எம்.ஐ. ஆங்கிலச் சிலேடைகளை விடவில்லை. அவற்றுக்கு இடையே ஜினீ போன்ற பாடகர்களை அழைத்து வாயில் ஒட்டிக்கொள்ளும் பல்லவிகளை வைத்தார். தன் குட்டை உருவத்தையே பாட்டுப் பொருளாக்கினார். நல்லது எது என்று யோசிக்காமல் கூட்டத்தோடு போகும் ரசனையைக் 'கிரவுட் மென்டாலிட்டி'யில் நேராகவே கேள்வி கேட்டார். ரசிகர்களையே ஆல்பத்துக்குள் இழுத்து விசாரித்த முயற்சி அது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற விஸ்கிட், அறிமுகமாகாத பையனாக அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டில் வருகிறார்.

ஆல்பம் வென்றது. ராப்பர்கள் புத்திசாலிகளாக இருப்பது மறுபடியும் நாகரிகமானது. நேட்டோ சி-யின் 'யூ நோ மை பி'யும் அதே 2008-ல் வந்து கூட்டம் சேர்த்தது. படித்த, நன்றாக உடுத்திய, ஆங்கிலத்தில் விளையாடும் ராப்பர்களின் காலம் என்று பலரும் எழுதிவிட்டார்கள்.

டாகிரின் அந்த முடிவைக் கலைத்தார். இயற்பெயர் ஒலாடாப்போ ஒலாயிட்டான் ஒலாவோனிபெகுன். 2006-ல் வந்த முதல் ஆல்பத்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. யொரூபாவில் ராப் என்பது அவர் கண்டுபிடிப்பும் இல்லை. லார்ட் ஆஃப் அஜாசா அவருக்கு முன்பே அந்தத் தடத்தைப் போட்டிருந்தார். ஆனால் 'சி.இ.ஓ.'வில் டாகிரினின் கரகரத்த குரலும் சாசிக் அமைத்த தாளங்களும் சேர்ந்தபோது வேறொன்று நிகழ்ந்தது. தலைப்பிலேயே தன்னைத் தெருப்பிள்ளைகளின் தலைமை அதிகாரி என்று அறிவித்தார். 'பொன் பொன் பொன்' நாடெங்கும் ஒலித்தது, யொரூபா ஒரு சொல் தெரியாத ஊர்களிலும்.

அந்த ஆல்பத்தின் கலைத்திறனைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். யொரூபா சுருதி மொழி. மேல், நடு, கீழ் என்று மூன்று நிலைகள். ஒரே எழுத்துகள் சுருதி மாறினால் கணவன், மண்வெட்டி, ஈட்டி, வண்டி என்று நான்கு பொருள் தரும். அந்த மக்களின் பேசும் மத்தளம் சொல்லில்லாமலே வாக்கியம் சொல்வது இந்தச் சுருதிகளை வைத்துத்தான். ஆங்கில ராப்பர் தன் குரலை விருப்பப்படி ஏற்றி இறக்கலாம். யொரூபா ராப்பர் அப்படிச் செய்தால் பொருள் கெடும். ஆகவே அவர் சந்தத்துக்குச் சொல் தேடும்போது ஓசை, பொருள், சுருதி மூன்றையும் ஒரே நேரத்தில் பொருத்த வேண்டும். டாகிரின் இதை வேகத்தில் செய்தார். சுருதி வரிசை தடுமாறும் இடத்தில் ஆங்கிலச் சொல்லையோ பிட்ஜினையோ நுழைத்தார். அடுத்த கணம் யொரூபாவுக்குத் திரும்பினார். கேட்டவர்கள் அதில் ஃபூஜி இசையின் நெளிவைக் கேட்டார்கள். ரமலான் விடியலில் நோன்பாளிகளை எழுப்பும் பாட்டிலிருந்து வளர்ந்த லாகோஸின் இசை அது. எளிய தெருப்பாட்டு என்று 'சி.இ.ஓ.'வை ஒதுக்கிய ஆங்கில ராப் ரசிகர்கள் இந்த வேலைப்பாட்டைக் கவனிக்கவே இல்லை.

2010 ஏப்ரல் 14 அதிகாலை, லாகோஸின் முஷின் பகுதியில் நின்றிருந்த லாரி மீது டாகிரினின் கார் மோதியது. எட்டு நாள் கழித்து லாகோஸ் பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையில் இறந்தார். யாபாவில் உள்ள அட்டான் கல்லறையில் அடக்கம் நடந்தது. அந்த ஆண்டு ஹிப் ஹாப் வேர்ல்ட் விருதுகளில் சிறந்த ராப் ஆல்பம் 'சி.இ.ஓ.'தான். அடுத்த ஆண்டு அவர் வாழ்க்கை 'கெட்டோ டிரீம்ஸ்' என்று படமாகவும் வந்தது.

மரணம்தான் அந்த ஆல்பத்தைப் பெரிதாக்கியது என்று இன்றும் சிலர் வாதாடுகிறார்கள். அது சரியில்லை. அவர் உயிரோடிருந்தபோதே பாட்டுகள் ஊரைப் பிடித்துவிட்டன. அதைவிட, அவருக்குப் பின் வந்தவர்களின் எண்ணிக்கையே அவர் திறந்த கதவின் அகலத்தைக் காட்டுகிறது.

முதலில் வந்தவர் ஒலமிடே. லாகோஸின் பரிகா பகுதிக்காரர். ஐ.டி. கபாசாவின் கோடட் டியூன்ஸ் கூடத்தில் உருவானவர். டாகிரினைப் பார்த்துப் பாடுகிறான் என்று தொடக்கத்தில் ரசிகர்கள் குறை சொன்னார்கள். அவர் 2011 முதல் 2017 வரை ஆண்டு தவறாமல் ஆல்பம் வெளியிட்டார். இவ்வளவு அவசரம் எதற்கு, ஒன்றை ஆற அமரச் செய்யலாமே என்பது அன்றைய விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த குறை. ஒவ்வொன்றிலும் சில பாட்டுகளை நீக்கியிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் தெருவின் பேச்சு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. புதுச் சொல், புது நடனம், புதுக் கேலி எல்லாம் அந்த ஏழு ஆண்டு ஆல்பங்களில் பதிவாகியிருக்கின்றன. லாகோஸ் எப்படிப் பேசியது என்று பின்னாளில் எழுதப் போகிறவர் அவற்றைத்தான் தேடுவார்.

கிழக்கே எனுகு நகரில் மிஸ்டர் ரா முன்னரே இக்போவும் பிட்ஜினும் கலந்து ராப் பாடியிருந்தார். அங்கிருந்து வந்த ஃபினோ 2014-ல் 'நோ கட்ஸ் நோ குளோரி' வெளியிட்டபோது இக்போ ராப் தேசிய அரங்குக்கு வந்தது. யொரூபா ரசிகர்கள் பொருள் புரியாமலே கூடப் பாடினார்கள். டெல்டாவில் வாரி நகரத்து எரிகா, பிட்ஜினை அதன் முழுக் காரத்தோடு பாடினார். வடக்கில் நிலைமை கடினம். கானோ மாநிலத்தின் தணிக்கை வாரியம் ஹவுசா ராப்பர் சிரியம்ஸின் பாட்டை 2009-ல் தடை செய்தது. அங்கே ஆல்பம் நன்றாக இருக்கிறதா என்ற பேச்சுக்கு முன்னால், அதைக் கேட்கலாமா என்ற பேச்சு நிற்கிறது. லாகோஸில் எழுதப்படும் ராப் வரலாறுகள் ஹவுசா ராப்பை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. இந்தக் கட்டுரைக்கும் அதற்கு மேல் இடமில்லாதது வருத்தமே.

2015-ல் மொழிச் சண்டை உச்சத்துக்கு வந்தது. ரெமினிஸ், ஒலமிடே, ஃபினோ மூவரும் சேர்ந்து 'லோக்கல் ராப்பர்ஸ்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். தாய்மொழியில் பாடுகிறவனை உள்ளூர்ச் சரக்கு என்று இளக்காரம் செய்தவர்களுக்கு, அந்தப் பெயரையே பட்டமாகச் சூட்டிக்கொண்டு பதில் சொன்னார்கள். விற்பதும் அரங்கம் நிறைவதும் யாருக்கு என்று எண்ணிப் பாருங்கள் என்ற தொனி அதில் இருந்தது. ஆங்கில ராப்பர்களும் அவர்களின் ரசிகர்களும் கொதித்தார்கள். விற்பனையே அளவுகோல் என்றால் கலைக்கு என்ன மிச்சம் என்று கேட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் இளக்காரம் முதலில் வந்தது ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே. அதை மறந்து தீர்ப்புச் சொல்ல முடியாது.

விருது மேடையும் இந்தப் பிளவைப் பதிவு செய்தது. அயோ அனிமாஷவுனின் 'ஹிப் ஹாப் வேர்ல்ட்' பத்திரிகையிலிருந்து 2006-ல் பிறந்த விருதுகள், பிறகு ஹெடீஸ் என்று பெயர் மாறின. அதில் 'லிரிசிஸ்ட் ஆன் த ரோல்' என்று சொல்வன்மைக்குத் தனி விருது உண்டு. அதை மிக அதிக முறை வென்றவர் மோட் நைன். தெரு இசைக்கு வேறொரு தனி விருதும் பின்னர் வந்தது. ஒரே கலையின் இரு கரங்களுக்கு இரு அறைகள் ஒதுக்கியது போல் ஆயிற்று. 2016 ஜனவரி 1 அன்று நடந்த விழாவில், தன் குழுவின் லில் கேஷுக்கு வளரும் கலைஞர் விருது கிடைக்கவில்லை என்று ஒலமிடே மேடையேறி முழங்கினார். தெரு இதை ஏற்காது என்பதே அவர் பேச்சின் சாரம். ராப்பர் தெருவின் வழக்கறிஞராக நேரலையில் வாதாடிய காட்சி அது.

அடுத்த பெரிய விசாரணையைத் தொடங்கியவர் எம்.ஐ. 2017 அக்டோபரில், நைஜீரிய ராப்பர்கள் தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தலைப்பிலேயே சொல்லும் பாட்டை வெளியிட்டார். தென்னாப்பிரிக்க ராப்பர்கள் முந்திவிட்டார்கள், இங்கே தரம் இறங்கிவிட்டது என்பது குற்றச்சாட்டு. சாக்லேட் சிட்டியின் தலைவராகவும் இருந்தவர் பாடகர்களை இப்படிச் சாடலாமா என்று ரசிகர்கள் கேட்டார்கள். பல ராப்பர்கள் பாட்டாலேயே பதில் கொடுத்தார்கள். சோம்பிக் கிடந்த துறைக்கு அந்தச் சவுக்கடி நல்லதே செய்தது. 2019-ல் லாகோஸ் தீவின் வெக்டருக்கும் அவருக்கும் நடந்த பாட்டுச் சண்டை அதன் தொடர்ச்சி. காவலர் குடியிருப்பில் வளர்ந்த வெக்டரும் சொல்லடுக்கில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. எம்.ஐ.யின் 'தி வைப்பர்', வெக்டரின் 'ஜூடாஸ் த ராட்' இரண்டையும் வரி வரியாகப் பிரித்து, எந்த உவமை யாரைக் குத்தியது என்று நாடே உரை எழுதியது. 2021-ல் இருவரும் சேர்ந்து 'கிரவுன் ஆஃப் கிளே' பாடினார்கள். ரசிகர்களின் இரு கட்சிகளும் சமாதானம் ஆகவில்லை.

பெண் ராப்பர்களின் பெயர் இந்த விவாதங்களில் எவ்வளவு குறைவாக வருகிறது என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. வியர்ட் எம்.சி. 1990-களிலேயே ஆல்பம் போட்டவர். 2006-ல் அவருடைய 'இஜோயா' நாட்டையே ஆட வைத்தது. சாஷா பி. எழுத்திலும் மேடையிலும் ஆண்களுக்கு நிகராக நின்றவர். ஈவா அலோர்டியாவின் சொல்வேகம் கேட்டவர்களுக்குத் தெரியும். ஆனாலும் சிறந்த 10 ராப்பர்கள் என்று யாராவது வரிசைப்படுத்தினால் இவர்கள் தனியே ஒரு பெண்கள் பட்டியலுக்கு அனுப்பப்படுகிறார்கள். மொழிக்காக ஒதுக்கப்பட்ட வலியைப் பாட்டாகப் பாடிய அதே சமூகம் இதைச் செய்கிறது. இதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.

அரசியல் ராப்பின் இடத்தைப் பற்றியும் கருத்து வேறுபாடு நீள்கிறது. வழக்கறிஞர் ஃபெமி ஃபலானாவின் மகன் ஃபால்ஸ், நகைச்சுவைப் பாட்டுகளால் பெயர் பெற்றவர். 2019 ஜனவரியில் வந்த 'மாரல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' ஆல்பத்தில் ஆஃப்ரோபீட் முன்னோடி ஃபெலா குட்டியின் பழைய பாட்டுகளை அடித்தளமாக வைத்துக் காவல் துறையையும் போதகர்களையும் அரசியல்வாதிகளையும் கேள்வி கேட்டார். ஃபெலாவுக்கு அட்டைப்படங்கள் வரைந்த லெமி கரியோக்வுவே இதற்கும் அட்டை வரைந்தார். உபதேசம் அதிகம் என்றனர் சிலர். வசதியான வீட்டுப் பிள்ளை பேசுகிறார் என்றனர் சிலர். அந்த ஆண்டே ஷோ டெம் கேம்ப் இரட்டையர் அன்றைய அதிபர் புஹாரியின் பெயரையே தலைப்பில் வைத்து 'குளோன் வார்ஸ்' வரிசையின் நான்காம் ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். உபதேசமாக இல்லாமல், விலைவாசியும் வெளிநாட்டு விசாவும் பேசிக்கொள்ளும் நண்பர்களின் குரலாக அது இருந்தது. இரண்டில் ஆழமானது ஷோ டெம் கேம்பின் ஆல்பம். துணிச்சலானது ஃபால்ஸின் ஆல்பம். 2025 ஏப்ரலில் எட்ரிஸ் மறுபடியும் அதிபர் குடும்பத்தை நோக்கி ஒரு பாட்டைப் பாட, ஒலிபரப்பு ஆணையம் மறுபடியும் தடை போட்டது. 'ஜாகா ஜாகா'வுக்கு அப்போது 21 வயது.

இன்றைய தலைமுறையின் சர்ச்சை ஒடுமோடு பிளாக்கைச் சுற்றியது. அபுஜாவில் உருவானவர், பின்னிய இக்போ வீரர் தொப்பியோடு மேடையேறுகிறவர். 2023-ல் அவருடைய 'டெக்லன் ரைஸ்' பாட்டை, அதே பெயருள்ள கால்பந்து வீரரை அறிமுகப்படுத்த ஆர்சனல் அணி பயன்படுத்தியது. அந்த அக்டோபரில் அவருடைய 'எசியோக்வு' தொகுப்பு வந்தது. பிட்ஜின், இக்போ, ஆங்கிலம் மூன்றும் கலந்து, பாதி முழக்கமும் பாதி பாட்டுமாக அவர் பாடுவது ராப்தானா என்று மூத்த ரசிகர்கள் கேட்டார்கள். 'சகோமோ' காலத்திலும் இதே கேள்வி இருந்தது. டாகிரினுக்கும் இதே கேள்விதான்.

மாறியது வேகம். ஸ்பாட்டிஃபை 2021 பிப்ரவரியில் நைஜீரியாவுக்கு வந்தது. அதற்கு முன்பே பூம்பிளே என்ற இசைச் செயலி பரவியிருந்தது. வெள்ளிக்கிழமை நள்ளிரவில் ஆல்பம் வந்தால் விடியுமுன் தீர்ப்பு வந்துவிடுகிறது. 'டாக் அபவுட் இட்' குறுந்தகடாகக் கைமாறி, மாதக்கணக்கில் கேட்கப்பட்டு, மெல்லப் புரிந்துகொள்ளப்பட்டது. ஒருமுறை ஓட்டிக் கேட்டுப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று எழுதுவது, சிலேடைகளை நம்பி வாழும் கலைக்குத் தீங்கு. அதே நேரத்தில், அலாபா மறைத்த கணக்கு இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. எந்தப் பாட்டு எத்தனை முறை கேட்கப்பட்டது என்று ரசிகன் விரல் நுனியில் வைத்திருக்கிறான். கணக்கு வந்தால் சண்டை ஓயும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கேட்கப்பட்ட எண்ணிக்கையை ஒருவர் காட்டினால், அது விளம்பரத்தால் வந்தது என்கிறார் மற்றவர்.

2019-ல் தன்னை ஆப்பிரிக்காவின் சிறந்த ராப்பர் என்று அறிவித்துக்கொண்டு வம்பு வளர்த்த பிளாக்போன்ஸ், 2021-ல் வந்த 'செக்ஸ் ஓவர் லவ்' ஆல்பத்தில் பாதிக்கு மேல் பாட்டாகவே பாடி, ராப்பைக் கைவிட்டார் என்ற பழியை வாங்கினார். 2025-ல் அவர் 'நோ எக்ஸ்க்யூசஸ்' ஆல்பத்தோடும், ஒடுமோடு பிளாக் 'இண்டஸ்ட்ரி மெஷின்' ஆல்பத்தோடும் வந்தார்கள். இருவருக்கும் இடையே பாட்டிலேயே சண்டை மூண்டது. யார் உண்மையில் ராப் பாடுகிறார், யாருக்குத் தெரு இருக்கிறது, யாருக்குச் சொல் இருக்கிறது என்று கட்சிகள் பிரிந்தன. வாதாடியவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் பலர், 'சி.இ.ஓ.' வந்தபோது தொடக்கப் பள்ளிக்குக்கூடப் போகாத வயதினர். அவர்களும் தங்கள் கட்சிக்குச் சான்றாக டாகிரினையும் எம்.ஐ.யையும்தான் கூப்பிட்டார்கள்.